சிவப்பு மசி திருத்திய லண்டன் பேப்பர்

லண்டனில் அச்சாகும் பத்திரிகைக்குப் புதுக்கோட்டையில் உட்கார்ந்து புரூப் பார்த்த ஒரே மனிதரை எனக்குத் தெரியும். அந்தப் பத்திரிகைக்குத்தான் அவரைத் தெரியாது. பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் இவர் திருத்தினார். அவர்கள் ஒரு வரிகூடத் திருந்தவில்லை. இரண்டு தரப்பும் சளைத்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் அலுத்துப் போயிற்று.

இப்போது அவர் ஞாபகம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. சூயஸ் கால்வாயை மறுபடியும் மூடிவிட்டார்கள். போன வாரம் பல் வைத்தியர் வீட்டில் என் முறை வரும்வரை ஓர் இங்கிலீஷ் பத்திரிகையைப் புரட்டினேன். அதே மணல், அதே ஒட்டகம், அதே ‘கொந்தளிக்கும் அரபுக் கும்பல்’. பதினோரு வருஷத்துக்கு முன்னால் எழுதியதையே எடுத்துத் தூசி தட்டிப் போட்டிருக்கிறார்கள். பல்வலியோடு இதையும் தாங்க வேண்டியிருந்தது. என்னையறியாமல் சட்டைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடினேன்; இல்லை.

ஊரில் அவரைச் ‘செவப்பு மசி’ என்றுதான் சொல்வார்கள். சமஸ்தானம் இருந்த காலத்தில் அரசாங்க அச்சுக்கூடத்தில் புரூப் பார்த்தவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. சமஸ்தானத்து கெஜட் நின்றது. கெஜட்டில் பிழை பார்க்கிற ஆளை என்ன செய்வது என்று புதிதாக வந்த அதிகாரிகளுக்குப் புரியவில்லை. வீட்டுக்கு அனுப்பவும் மனம் வரவில்லை. டவுனில் இருந்த ஒரு சின்ன வாசகசாலையில் பொறுப்பாளர் என்று உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே ஒரு லண்டன் தினசரி வந்துகொண்டிருந்தது. ஊரைவிட்டுப் போன ஏதோ ஒரு துரை நெடுங்காலத்துக்குச் சேர்த்துச் சந்தா கட்டிவிட்டுப் போயிருந்தார். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாததால் அது பாட்டுக்குக் கட்டுக்கட்டாகக் கப்பலில் வந்தது. எப்போதும் ஒரு மாசப் பழசு. பழைய புரூப் ஆசாமியின் மேஜையில் தினமும் அச்சான காகிதத்தை வைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

நான் அப்போது கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தர். ஜாகை திருக்கோகர்ணத்தில். இங்கிலீஷ் நன்றாக வந்தால் பெரிய வேலைக்குப் போகலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, சாயங்காலம் ஆனால் வாசகசாலைக்கு நடப்பேன். முதல் நாள் லண்டன் பேப்பரைப் பிரித்தேன். நடுப்பக்கம் முழுக்க அம்மை போட்ட மாதிரி சிவப்பு.

“யாருங்க இதை இப்படிப் பண்ணினது?” என்றேன்.

மேஜைக்குப் பின்னாலிருந்து ஒல்லியாக ஒருவர் நிமிர்ந்தார். கறுப்புக் கோட்டு, வலது பை மட்டும் சிவப்பாக ஊறிப் போயிருந்தது.

“நாந்தேன். ஏன் தம்பி, எங்கயாச்சும் விட்டுப்போச்சா?”

கிரிக்கெட், ராஜ குடும்பத்தின் நாய்க்குட்டிகள், லண்டன் மழை, இதிலெல்லாம் அவர் பேனா படாது. அரபு நாடுகளைப் பற்றிய செய்தி என்றால் மட்டும் கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொள்வார். திருத்துவது இங்கிலீஷில்தான், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். ‘கும்பல்’ என்று இருந்தால் அடித்துவிட்டு ‘ஊர் ஜனங்கள்’ என்று எழுதுவார். ‘வெறிக்கூச்சல்’ என்பதை ‘கோரிக்கை’ என்று மாற்றுவார். ஒரு நாள் பாக்தாதில் ஒரு மந்திரி ஏதோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கிழக்கத்தியர்களுக்கே உரிய தந்திரமும் பிடிவாதமும் என்று பேப்பர் கால் பத்தி எழுதியிருந்தது. அவ்வளவையும் ஒரே கோடாக அடித்து, ‘மாட்டேன் என்றார்’ என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். ‘அமைதி நிலைநாட்டப்பட்டது’ என்று எங்கே வந்தாலும் அடிக்க மாட்டார். விளிம்பில் ‘சுட்டார்கள்’ என்று மட்டும் சின்னதாக எழுதுவார்.

ஒட்டகத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. டமாஸ்கஸில் வக்கீல்கள் மாநாடு என்று ஒரு செய்தி. அதற்கு மேலே ஓர் ஒட்டகப் படம். ஒட்டகத்தைச் சுற்றி வட்டம் போட்டு, ‘வக்கீல் எங்கே?’ என்று கேட்டிருந்தார். ஒட்டகங்களுக்கென்று தனியாக ஒரு நோட்டுப் போட்டிருந்தார். அந்த நோட்டின்படி பார்த்தால் அரபு நாட்டில் ஆளுக்கு மூன்று ஒட்டகம் வரும் என்றும், அத்தனைக்கும் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது என்றும் சொல்வார்.

இந்தச் சிவப்பினால் பாதிக்கப்பட்டவர் ரிட்டயரான கலால் இன்ஸ்பெக்டர் ஒருவர். அவர் வாசகசாலைக்கு வருவதே குறுக்கெழுத்துப் போட்டிக்காக. கட்டம் நடுப்பக்கத்துக்குப் பின்பக்கம் இருக்கும். அரபு நாட்டில் கலவரம் நடந்த அன்றைக்கெல்லாம் மசி ஊறி அந்தப் பக்கம் வந்து கட்டங்களை நாசம் பண்ணிவிடும். இன்ஸ்பெக்டர் பொறுத்துப் பார்த்து மேலிடத்துக்கு மனுப் போட்டார். இனிமேல் பென்சிலால் மட்டும் எழுதவும் என்று உத்தரவு வந்தது. செவப்பு மசி அந்த உத்தரவை வாங்கிப் படித்தார். அதில் இருந்த நாலு பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம் அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

மாசத்துக்கு ஒரு தடவை லண்டன் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார். பழைய கெஜட் இங்கிலீஷ். ‘தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்’ என்று ஆரம்பித்து, எந்தத் தேதி, எந்தப் பக்கம், எத்தனையாவது வரி என்று பட்டியல் போட்டு, கீழே ‘புரூப் ரீடர், புதுக்கோட்டை’ என்று முடிப்பார். தபாலில் சேர்க்கிற வேலை என்னுடையது. அத்தனை வருஷத்தில் ஒரு பதிலும் வரவில்லை.

“பதிலே போட மாட்டேங்கிறானே, எதுக்குங்க வெட்டியா எழுதிக்கிட்டு?” என்று ஒரு நாள் அலுத்துக்கொண்டேன்.

“இருக்கட்டும் தம்பி. நான் எழுதுறது அவன் திருந்துறதுக்காவா? தப்பைப் பாத்துட்டுச் சும்மா போனா எனக்கு ராத்திரி சோறு எறங்க மாட்டேங்குது.”

ஒரு விஷயத்தில் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. அவர் வாழ்நாளில் ஓர் அரபுக்காரரைக்கூடப் பார்த்ததில்லை. அதனால் அவர்கள் எல்லோரையும் புதுக்கோட்டைக்காரர்களாகவே மாற்றிவிட்டார். கெய்ரோ என்றால் எங்கள் ஊர்க் கீழ ராஜ வீதி மாதிரி. நெரிசல் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அங்கே கடையடைப்பு என்றால் இங்கே போலவே முன்கதவைச் சாத்திக்கொண்டு பின்கதவில் வியாபாரம் நடக்கும் என்பார். லண்டன்காரர்கள் அரபு நாட்டை மணலாகப் பார்த்தார்கள். இவர் கடைத்தெருவாகப் பார்த்தார். இரண்டு பேரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றும், ஆனால் சொன்னதில்லை.

அவரை ரொம்பப் பாதித்தது ஒரு நாய். கால்வாய்ப் பக்கம் முகாம் போட்டிருந்த ஒரு வெள்ளைக்கார கேப்டனின் நாய் காணாமல் போய், மூன்றாம் நாள் கிடைத்துவிட்டது. பேப்பரில் நாயின் பெயர், வயது, ஜாதி, அது விரும்பிச் சாப்பிடும் பிஸ்கட், எல்லாம் வந்திருந்தது. அதே பக்கத்தில் கீழே, அதே ஊரில் ‘அரபுகள் சிலர்’ சுடப்பட்டதாக இரண்டு வரி. அன்றைக்கு அவர் பேனாவை எடுக்கவே இல்லை.

“இத்தனை வருசமாப் படிக்கிறேன் தம்பி. ராஜா, மந்திரி தவிர்த்து, தெருவுலே நடக்குற அரபுக்காரன் ஒருத்தனுக்காவது இதுலே பேரு இருந்திருக்கா? அந்த நாய்க்கு இருக்கு பாரு.”

எல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஐம்பத்தாறு வரைக்கும்.

என் அக்காவைக் கீரமங்கலத்தில் கொடுத்திருந்தது. அவள் வீட்டுக்காரர் சிதம்பரம், எனக்கு மச்சான், கொழும்பில் ஒரு சிந்திக்காரர் துணிக்கடையில் விற்பனையாளராக இருந்தார். அந்த முதலாளிக்குச் சூயஸ் கால்வாய் முனையில் போர்ட் சயீது என்ற துறைமுகத்தில் இன்னொரு கடை. கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்குப் பட்டு விற்பது. மச்சானை அங்கே மாற்றிவிட்டார்கள். கல்யாணமாகி இரண்டே வருஷம். அக்கா கீரமங்கலத்தில் மாமனார் வீட்டில் இருந்தாள். மாசம் தவறாமல் கடிதம் வரும்.

ஐப்பசியில் கால்வாய்ப் பக்கம் சண்டை மூண்டது. இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஆகாயத்திலிருந்து போர்ட் சயீதில் குண்டு போட்டார்கள். கடிதம் நின்றது. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. நம் ஊர்ப் பத்திரிகைகளில் சண்டை நடக்கிறது, நின்றுவிட்டது என்ற அளவுக்குத்தான் இருந்தது. விவரம் வேண்டுமென்றால் லண்டன் பேப்பர் வர வேண்டும். அதுவோ வந்து சேரவில்லை. கால்வாய் அடைபட்ட செய்தியைச் சுமந்து வந்த கப்பல், கால்வாய் அடைபட்டதால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தது.

தை பிறந்து நாலைந்து நாள் கழித்துக் கட்டு வந்தது. அன்றைக்கென்று பார்த்துச் செவப்பு மசிக்குக் காய்ச்சல். அவர் கை படாத பேப்பரை என் வாழ்க்கையில் முதல் தடவையாக நானே பிரித்தேன். ‘போர்ட் சயீது கடைவீதியில் அரபு வெறிக்கும்பல் புகுந்து அயல்நாட்டார் கடைகளைச் சூறையாடித் தீயிட்டது. உள்ளே சிக்கியவர்கள் தப்பியிருக்க வழியில்லை.’ சிவப்பே இல்லாமல், சுத்தமான வெள்ளைக் காகிதத்தில், கறுப்பு எழுத்தில் இருந்தது. லண்டனில் அச்சானது பொய்யாக இருக்குமா? இத்தனை வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தும் எனக்கு இந்த எண்ணம் போகவில்லை. அந்த இரண்டு வரியையும் அப்படியே தமிழில் எழுதி, மனசைத் திடப்படுத்திக்கொள்ளவும் என்று ஒரு வரி சேர்த்து, அக்காவின் மாமனாருக்குத் தபாலில் போட்டேன். அதைப் போல மடத்தனம் நான் வேறு செய்ததில்லை.

நாலாம் நாள் காலை பஸ்ஸில் அக்கா தனியாக வந்து நின்றாள்.

“தம்பி, நீ எழுதுன காயிதத்தை மாமா பங்காளிகளை எல்லாம் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டிட்டாரு. செத்த தேதி தெரியாதவங்களுக்கு அமாவாசையிலேதான் செய்யணுமாம். தை அமாவாசைக்கு மணமேல்குடி கடல்லே காரியம்னு முடிவு பண்ணிட்டாங்க. அன்னிக்கே என் தாலியையும்...”

அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது. அவளை அழைத்துக்கொண்டு நேரே வாசகசாலைக்குப் போனேன். செவப்பு மசி காய்ச்சல் விட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தார். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“புரூப் பாக்காததை வெளியே அனுப்பலாமா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு அந்தப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வேலை பார்த்தார். அக்கா எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் மசிப்புட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“வா தாயி. நானும் வாரேன்.”

கீரமங்கலம் பஸ் ஆலங்குடியைத் தாண்டியது. அவர் தன் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

“ஒரு வருசம் நம்ம டவுன்லே வரியை ஏத்திப்பிட்டாங்கன்னு ஜனங்க கூடுனாங்க. எங்கப்பாரு வெத்தலை வாங்கப் போனவரு, என்னமோ கூட்டமா இருக்கேன்னு நின்னாரு. பல்லு இல்லாத மனுசன். பாக்கைச் சீவித்தான் வாயிலே போடணும். அதனாலே எங்கிட்டுப் போனாலும் மடியிலே பாக்குவெட்டி இருக்கும். போலீஸ்காரன் வந்து தள்ளுறப்ப அது கையிலே இருந்திருக்கு. கையிலே ரெண்டு அடி. ஆறு மாசம் சோத்தைப் பெசைய முடியலே. அப்புறமா லண்டன் பேப்பர் ஒண்ணு வந்துச்சு. கத்தி ஏந்திய வெறி பிடிச்ச சுதேசிக் கும்பல்னு நாலு வரி. எங்கப்பாரு பேரு இல்லே. யாரு பேரும் இல்லே. அன்னிக்கு எங்கிட்டச் செவப்பு மசி இருந்துச்சு. ஆனா சர்க்கார் வேலை, பயம். அப்படியே மடிச்சு வச்சுட்டேன்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எட்டு வருஷமாக அவரோடு சிரித்ததை எல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது.

அக்காவின் மாமனார் கெட்டவர் இல்லை. மூன்று மாசத்தில் பாதியாக இளைத்துப் போயிருந்தார். காரியம் செய்யாவிட்டால் மகன் எங்கேயோ அனாதையாக அலைவான் என்ற பயம் அவருக்கு. பங்காளிகள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். செவப்பு மசி முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் பேப்பரை விரித்தார். எங்கள் பக்கத்தில் யாரும் அதுவரை அவ்வளவு சிவப்பான பேப்பரைப் பார்த்ததில்லை. ஒருத்தர் ரத்தமோ என்று கேட்டேவிட்டார்.

“இந்தாங்க, இந்தச் சேதியை எழுதுனவன் எங்கேருந்து எழுதியிருக்கான்னு முதல்லே பாருங்க. மேலேயே போட்டிருக்கு. சைப்ரஸ் தீவுலேருந்து. நடுவுலே கடலு. கீரமங்கலம் சந்தையிலே யாரு யாரை அடிச்சான்னு ஒருத்தன் கொழும்புலே உக்காந்து எழுதுனா நீங்க நம்புவீங்களா?”

“அது எப்படிங்க நம்புறது?” என்றார் ஒரு பங்காளி.

“வெறிக்கும்பல்ங்கிறான். வானத்துலேருந்து குண்டு விழுந்தா தெருவுலே ஜனங்க ஓடாம என்ன செய்வாங்க? தீ வச்சாங்கங்கிறான். குண்டு விழுந்தா தீப்பிடிக்காதா? அந்தக் குண்டைப் போட்டது யாருன்னு இந்தப் பக்கம் முழுக்கத் தேடுனேன். ‘நடவடிக்கை’ன்னு ஒரு வார்த்தை இருக்கு. அவ்வளவுதேன்.”

சொல் சொல்லாக எடுத்துக் காட்டினார். கூட்டம் தலையாட்டியது. மாமனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ரொம்பக் களைத்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“நீங்க சொல்றதெல்லாம் சரிங்க ஐயா. எம் மகன் எங்கே?”

பேப்பரில் இருப்பதை அடிக்கத்தான் சிவப்பு மசியால் முடியும். இல்லாத ஆளை எங்கிருந்து கொண்டுவருவது? அப்போது அக்கா உள்ளே போய் மச்சானின் பழைய தபால் உறை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். பேப்பரில் அந்தச் செய்திக்குக் கீழே ஒரு படம் இருந்தது. ஒரு கடை வாசல்; கதவு பாதி இறங்கியிருக்கிறது. வாசலை மறித்துக்கொண்டு ஓர் ஆள், முகம் பாதி திரும்பியிருக்கிறது, கையில் நீளமாக ஏதோ ஒன்று. ‘சூறையாடப்பட்ட கடை முன் ஆயுதம் ஏந்திய அரபு ஒருவன்’ என்று கீழே போட்டிருந்தது. கடைப் பலகையில் பாதி எழுத்துத்தான் தெரிந்தது. அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. உறையில் அச்சடித்திருந்த கடைப் பெயரைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, கோலப்புள்ளி எண்ணுகிற மாதிரி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

“ஒண்ணாத்தான் இருக்கு” என்றாள்.

எல்லோரும் குனிந்தோம். ஒன்றாகத்தான் இருந்தது. கடை எரியவில்லை.

“கடை இருக்கு. எம் மகன்?” என்றார் மாமனார் மறுபடி.

செவப்பு மசி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து புட்டியை எடுத்துத் திறந்தார். பேனாவைத் தோய்த்தார். ‘ஆயுதம் ஏந்திய அரபு ஒருவன்’ என்பதை நிதானமாக அடித்தார். அதன் கீழே தமிழில் எழுதினார்: ‘கீரமங்கலம் சிதம்பரம். கையில் இருப்பது துணி அளக்கும் கெஜக்கோல்.’

“இந்தா நிக்கிறாரு உங்க மகன். கடையைப் பூட்டப் போறாரு. உசுரோட இருக்கிற புள்ளைக்குக் காரியம் பண்ணுவீகளா?”

மாமனார் பேப்பரைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், எட்டத்தில் பிடித்தார், வெளிச்சத்தில் திருப்பினார். “தோளு எம் மகன் தோளுதேன்” என்றார். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்கா படத்தைப் பார்த்தாள், செவப்பு மசியைப் பார்த்தாள், உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அந்த வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்று பிறகு தெரிந்தது. தை அமாவாசை வந்தது, போயிற்று. மணமேல்குடிக்கு யாரும் போகவில்லை.

மாசி கடைசியில் மச்சானிடமிருந்து கடிதம் வந்தது. சௌக்கியம் என்று இரண்டே வரி. அதற்கு அடுத்த வருஷம் ஆளே வந்து இறங்கினார். வந்த மறுநாள் அவரையும் அக்காவையும் வாசகசாலைக்கு அழைத்துப் போனேன். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த அந்தப் பேப்பரைச் செவப்பு மசி எடுத்து நீட்டினார். மச்சான் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“இதுலே நான் எங்கே இருக்கேன்? இது நம்ம மஹ்மூது. பக்கத்து ரொட்டிக் கடைக்காரரு. கையிலே இருக்கிறது அடுப்புலேருந்து ரொட்டியை இழுக்கிற துடுப்பு. நான் அப்ப அவரு கடையிலே மாவு மூட்டைக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன். பதினோரு நாளு அங்கிட்டுத்தான். குண்டு ஒரு பக்கம். அதோட, வெளிநாட்டுக்காரன் கடை எதுன்னு தேடிக்கிட்டு ரெண்டு மூணு பேரு சுத்துனானுக, ரெண்டு கடையை உடைக்கவும் செஞ்சானுக. இவரு அந்தத் துடுப்பை எடுத்துக்கிட்டு எங்க கடை வாசல்லே போய் நின்னுட்டாரு. ஒருத்தனையும் அண்ட விடலே.”

செவப்பு மசி பேனாவைத் தோய்த்தார். முன்பு தான் அடித்திருந்த ‘அயல்நாட்டார் கடைகள்’, ‘சூறையாடி’ என்ற சொற்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்தார். அடித்தது தவறு, சொல் இருக்கட்டும் என்பதற்குப் புரூப் பார்க்கிறவர்கள் வைக்கும் அடையாளம் அது. ‘கடைகள்’ என்பதன் பக்கத்தில் ‘இரண்டு’ என்று சேர்த்தார். லண்டன்காரன் சொன்னதில் இருந்த உண்மையை அவனுக்கே திருப்பிக் கொடுக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அப்புறம் படத்துக்குக் கீழே தான் எழுதிய வரியை அடித்தார்.

“அவரு பேரைத் திருப்பிச் சொல்லுங்க தம்பி. எழுத்துப் பிசகக் கூடாது.”

மச்சான் சொல்லச் சொல்ல எழுதினார்: ‘மஹ்மூது. ரொட்டிக் கடைக்காரர். பக்கத்துக் கடையைக் காத்து நிற்கிறார்.’ எழுதிவிட்டு மசி காயும்வரை ஊதினார்.

“லண்டன் பேப்பர்லே ஒரு அரபுக்காரருக்குப் பேரு வந்திருச்சு” என்றார்.

மச்சானும் அக்காவும் வெளியே போனபின் நான் தாழ்ந்த குரலில் கேட்டேன். “அன்னிக்கு அது மச்சான் இல்லேன்னு தெரிஞ்சேதான் எழுதுனீங்களா?”

“எனக்கு எப்படித் தம்பி தெரியும்? நான் அவரைப் பாத்தது இன்னிக்குத்தானே.” பேனாவைத் துடைத்தார். “தெரியாததை எழுதுனேன். அவனுக எழுதுற மாதிரியே. ஒரு வருசமா எனக்குச் சோறு எறங்கலே.”

வீட்டுக்குப் போகும் வழியில் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் நடந்துகொண்டே சொன்னாள்: “அது அவரு இல்லேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டா. கட்டுனவளுக்குத் தெரியாதா? ஆனா யாரோ ஒரு மனுசன் அந்த வாசல்லே நிக்கிறாரு. அது போதும்னு நெனச்சேன்.”

அறுபத்திரண்டில் செவப்பு மசி ஓய்வு பெற்றார். துரை கட்டிய சந்தாவும் அதே வருஷம் முடிந்தது. மகள் இருக்கும் ஊருக்குப் போனார், அங்கேயே காலமானார் என்று கேள்வி. வாசகசாலையைப் பெரிய நூலகத்தோடு சேர்த்துவிட்டார்கள். சிவப்பு மசிப் பேப்பர்களைப் பழைய காகிதக்காரர் எடுத்துப் போயிருப்பார். அக்கா கேட்டு வாங்கிக்கொண்ட அந்த ஒன்று மட்டும் அவள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது.

இதை எழுதி முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் படித்துவிட்டு, “எல்லாம் சரி, அவர் பெயர் என்ன?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. புதுக்கோட்டைக்குப் போய் நாலு பேரிடம் விசாரித்தேன். “யாரு, நம்ம செவப்பு மசியா?” என்று சந்தோஷமாகக் கேட்டார்களே தவிர, ஒருவருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கு அவர் ஐயா, மச்சானுக்கும் ஐயா. தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கடிதங்களைத் தபாலில் சேர்த்தேன். என் அக்காவின் தாலியைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதரிடம் ஒரு நாளும் பெயர் கேட்கவில்லை. லண்டன்காரர்களைக் குறை சொல்ல எனக்கு இனி வாயில்லை.

வாசகர்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் எழுதிப் போடுங்கள். சிவப்பு மசியில் எழுதினாலும் பரவாயில்லை. எனக்கு அதைப் படித்துத்தான் பழக்கம்.